மூன்றாவது சபை: சாக்ரமென்டோ நாட்குறிப்பு, 2023

17 பிப்ரவரி, வெள்ளி

கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் மசோதா தாக்கல் செய்ய இன்று கடைசி நாள். எங்களுடையதற்கு மாலை நாலரைக்கு எண் கிடைத்தது. ஆங்கிலம் தெரியாத நோயாளியோடு மருத்துவரிடம் பேச வரும் மொழிபெயர்ப்பாளருக்கு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடி-கால் தனியாகப் பணம் தர வேண்டும். அவ்வளவுதான் மசோதா. நான் வேலை பார்ப்பது சின்னச் சின்ன சமூக மருத்துவமனைகளின் சங்கத்துக்கு. அவர்களுக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு கேட்கும் லாபியிஸ்ட். அசெம்பிளி என்ற கீழ்ச்சபை, செனட் என்ற மேல்சபை, அதற்கு அடுத்து எங்களை "மூன்றாவது சபை" என்பார்கள். பெரிய மருந்து கம்பெனிக்காரர்கள் நடைபாதையில் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். அன்பாகத்தான்.

அம்மா மதுரையிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் "உங்க பொண்ணு அமெரிக்காவுல என்ன வேலை?" என்று கேட்டார்களாம். "லாபியிஸ்ட்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஓட்டல் லாபியில் உட்கார்ந்திருக்கும் வேலை என்று புரிந்துகொண்டார்கள். அது அப்படியொன்றும் தப்பில்லை. பாதி நேரம் எங்கேயாவது ஒரு கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

"தரகரா?" என்று அம்மா பதினான்கு வருடமாகக் கேட்கிறாள். இன்று வேறு பதில் சொன்னேன். "பெரியப்பா பண்ணினாரே, அதும்மா." பெரியப்பா கலெக்டர் ஆபீஸ் வாசலில், மரத்தடியில், திங்கட்கிழமைதோறும் மனு எழுதிக் கொடுத்தவர். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்கா எம்.ஏ. படிச்சே?" என்றாள்.

3 மார்ச், வெள்ளி

எங்கள் மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் அலுவலகத்து இளைஞனோடு காபி. அவன் காசை அவனே கொடுத்தான், என் காசை நான். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பதிவு செய்த லாபியிஸ்ட் ஓர் உறுப்பினருக்கோ அவரது ஊழியருக்கோ மாதம் 10 டாலருக்கு மேல் எதுவும் வாங்கித் தரக் கூடாது. 1974ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் இது. அதற்காக முன்னால் நின்றவர் பின்னாளில் கவர்னரான ஜெர்ரி பிரௌன். இரண்டு ஹாம்பர்கரும் ஒரு கோக்கும் வாங்கித் தரலாம், அவ்வளவுதான் என்று அப்போது அவர் கணக்குச் சொன்னார். தொகை இன்னும் 10 டாலரிலேயே நிற்கிறது. இன்றைய விலைக்கு ஒரு ஹாம்பர்கர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

எனக்கு அதைவிடப் பிடித்த விதி வேறு. மசோதா ஜெயித்தால்தான் கூலி என்று நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே சம்பளம். பெரியப்பாவும் அப்படித்தான். மனு எழுதத்தான் காசு, பட்டா கிடைத்ததா என்பது வேறு கதை.

28 மார்ச், செவ்வாய்

சுகாதாரக் குழு விசாரணை. எங்கள் பக்கத்துக்கு இரண்டு சாட்சிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் வரிசையில் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மூன்றைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். நாலாவது வார்த்தை பேசினால் தலைவர் இருமுவார்.

ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தேன். பத்தொன்பது வயது, லாவோஸ் பக்கத்து மலைவாழ் மக்களான மோங் இனக் குடும்பம். பதினொரு வயதில் அம்மாவுக்காக டாக்டரிடம் பேசியவள். காலையில் நடைபாதையில் போனில் டைமர் வைத்து நாலு தடவை சொல்லிப் பார்த்தோம். நாலு தடவையும் இரண்டே கால் நிமிடம் வந்தது. எதை வெட்டலாம் என்று பார்த்ததில், டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையை அவள் அம்மாவிடம் சொல்லாமல் விட்ட இடம்தான் நீளமாக இருந்தது. மோங் மொழியில் அதற்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தும் சொல்லவில்லை. அதை மட்டும் வெட்ட வேண்டாம் என்றேன். தொழில்முறையில் யோசித்துத்தான் சொன்னேன். அது எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

உள்ளே அவள் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். அந்த இடத்தை அவளாகவே விட்டுவிட்டாள். அவள் பேசும்போது ஓர் உறுப்பினர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மசோதா தேறியது. வெளியே வந்ததும், "சாரி" என்றாள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

22 ஏப்ரல், சனி

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நேற்றுக் கேட்டாள்: "2017ல் நீங்களும் கையெழுத்துப் போட்டீர்களா?"

அந்த அக்டோபரில் இந்த ஊரில் வேலை பார்க்கும் 140க்கும் மேற்பட்ட பெண்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். சட்டமன்றம் இருக்கும் கேபிடல் கட்டடத்தைச் சுற்றி ஆண்கள் கை வைப்பதும், பேசுவதும், அதை எல்லோரும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் போதும் என்று. முன்னெடுத்த அடாமா இவூவும் ஒரு லாபியிஸ்ட்தான். அந்த வருடம் டைம் இதழின் அட்டையில் அவர் இருந்தார். அடுத்த பிப்ரவரியில், புகார் செய்யும் சட்டமன்ற ஊழியர்களைப் பழிவாங்காமல் காக்க ஒரு சட்டமும் வந்தது.

நான் போடவில்லை. என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. ஒரு விருந்து, ஒரு மூத்த ஆள், லிஃப்ட். ஆனால் அந்த ஆளின் கையில் அப்போது எங்கள் மசோதாவுக்கான ஓர் ஓட்டு இருந்தது. மசோதா ஓர் ஓட்டில் ஜெயித்தது. அதை வெற்றி என்று என் விவரக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது.

"இல்லை" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

18 மே, வியாழன்

சஸ்பென்ஸ் நாள்.

பெயரைக் கேட்டுத் திகில் படம் என்று நினைக்க வேண்டாம். அசெம்பிளியில் 1,50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை நிதி ஒதுக்கீட்டுக் குழு தனியாக ஒரு கோப்பில் போட்டு வைக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை, மேயிலும் கோடை முடிவிலும், அந்தக் கோப்பைத் திறந்து வாசிப்பார்கள். நூற்றுக்கணக்கான மசோதாக்கள். விவாதம் கிடையாது, சாட்சி கிடையாது. எண், முடிவு. எண், முடிவு. கோயில் ஏலம் விடுகிறவர்கூடக் கொஞ்சம் மூச்சு வாங்குவார்.

எங்களுடையது தேறியது, "திருத்தத்தோடு". மாநிலம் முழுக்க என்றிருந்தது மூன்று மாவட்டச் சோதனைத் திட்டமாகச் சுருங்கியது. அந்த மூன்றில் ஃப்ரெஸ்னோ இருக்கிறதா என்று மாலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. இருக்கிறது.

5 ஜூலை, புதன்

இன்று என் மசோதா எதுவும் இல்லை. ஆனாலும் அசெம்பிளி நீதித்துறைக் குழு பக்கம் போனேன். சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் எஸ்பி 403 என்ற மசோதா, செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டு வந்தது, இன்று விசாரணைக்கு வந்தது. இரண்டு தரப்பிலும் நூற்றுக்கணக்கானவர்கள். வரிசையின் வாலைக் காணவில்லை. இத்தனை தேசி முகங்களை இந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததே இல்லை. பெயர், ஊர், ஆதரவு. பெயர், ஊர், எதிர்ப்பு. மணிக்கணக்காக.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தமிழில், "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். மதுரை என்றேன். "மதுரையில எங்க?" தெருப் பெயரைச் சொன்னேன். "அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

அந்த மூன்று கேள்விகளும் எங்கே போய் முடியும் என்று தமிழர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர் எந்தத் தரப்பில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் தோன்றவில்லை, பழக்கதோஷம். எதிர்ப்பவர்களில் சிலர் "கலிஃபோர்னியாவில் அப்படி எதுவும் இல்லை" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் நடைபாதையில் நின்று அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

குழுவில் மசோதா தேறியது.

1 செப்டம்பர், வெள்ளி

செனட்டின் சஸ்பென்ஸ் நாள். எண் வாசித்தார்கள். "நிறுத்தி வைக்கப்படுகிறது." ஒரு நொடி. அடுத்த எண்.

ஏழு மாதம். மசோதா செத்துவிட்டது. யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. ஓட்டே நடக்கவில்லை. பெயர் சொல்லி வேண்டாம் என்றால் அந்தப் பெயர் பதிவில் நிற்கும், தேர்தலில் கேட்கலாம். இங்கே கேட்பதற்கு ஆளில்லை. செலவு அதிகம் என்று சொல்வார்கள். மூன்று மாவட்டத்துக்கு எவ்வளவு ஆகிவிடும்? யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் ஏதோ ஒரு அறையில் சொல்லியிருப்பார். அந்த அறைகளுக்கு வெளியே உட்காரக் கற்றுக்கொண்டதைத்தான் என் அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறேன். உறுப்பினர்கள் மொத்தம் 12 வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. எனக்கு 14 ஆகிறது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள்.

ஃப்ரெஸ்னோ பெண்ணுக்கு போன் செய்தேன். "யார் வேண்டாம்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

14 செப்டம்பர், வியாழன்

கூட்டத்தொடரின் கடைசி நாள். மசோதாவின் இறுதி வடிவம் 72 மணி நேரம் முன்பே வெளியாகியிருக்க வேண்டும் என்று 2016ல் விதி வந்த பிறகு கடைசி இரவு முன்னைப் போல் பயங்கரமில்லை. என் கையில் எதுவும் இல்லை. ஏழு மணிக்கே வீட்டில். ரசம் வைத்தேன்.

8 அக்டோபர், ஞாயிறு

எஸ்பி 403ஐ கவர்னர் நியூசம் நேற்று வீட்டோ செய்துவிட்டார். இப்போதிருக்கும் சட்டங்களே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன, இது தேவையில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் காரணம் எழுதியிருக்கிறார், கீழே கையெழுத்து இருக்கிறது. இங்கே கவர்னர் கெடுவுக்குள் ஒன்றும் செய்யாமல் விட்டால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும், கிடப்பில் போட முடியாது. இதை அம்மாவிடம் சொன்னேன். "இங்க ஒருத்தர் இருக்காரே, அவருக்குச் சொல்லு" என்றாள்.

27 அக்டோபர், வெள்ளி

லாபியிஸ்ட் வேலைக்காக அரசுக்குத் தர வேண்டிய மூன்று மாதக் கணக்கு 31ஆம் தேதிக்குள் போக வேண்டும். எந்தெந்த மசோதாக்களுக்காக வேலை பார்த்தோம் என்ற பட்டியலில் எங்கள் எண்ணையும் சேர்த்தேன். செத்தது, பிழைத்தது என்று பிரித்துக் காட்ட அந்தப் படிவத்தில் இடமில்லை.

மதியம் காபி இளைஞன் கூப்பிட்டான். ஜனவரியில் வேறு எண்ணில் மறுபடி போடலாம் என்கிறாராம் உறுப்பினர், ஒரே ஒரு மாவட்டத்துக்கு. "அந்தப் பெண் மறுபடி வருவாளா?" என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.