சித்தப்பாவின் ஸ்பிட்ஃபயரும் ஊர்ப்பட்ட யோசனைகளும்

எங்கள் சித்தப்பாவிடம் பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கலாம். அதன் ஷாக்கப்சர்கள் போய்விட்டன என்று சொல்ல நிபுணர் யாரும் தேவைப்படவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வேகத்தடை ஏறி இறங்கினால் அஜந்தா சிக்னல் வரைக்கும் ஆடிக்கொண்டே போகும்.

மெக்கானிக் வந்து ஒரு மூலையை அமுக்கிவிட்டார். நல்ல ஷாக்கப்சர் என்றால் மேலே வந்ததும் அடங்கிவிட வேண்டும். இது அடங்கவில்லை. டீக்கடையில் நின்றவர்களுக்கு அது போதும். ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு அமுக்க ஆரம்பித்தார்கள். “சூப்பரா ஆடுது சார்” என்று பாராட்டு வேறு.

அப்புறம் யோசனைகள். “அம்பாசடர் ஷாக்கப்சரைப் போடுங்க சார், அசையாம நிக்கும்” என்றார் ஒருவர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கப்சரின் வேலை. அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல். இதுவோ எழுநூற்றுச் சொச்சம் கிலோ. அதன் விறைப்பை இதில் மாட்டினால் சக்கரம் பள்ளத்தில் இறங்காது, தாவும். சொன்னவர் கேட்டால்தானே? டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக்கின் யோசனை உருப்படியானது. ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஹெரால்டை நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தயாரித்திருக்கிறது. “புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில தேடுனா அதோட ஷாக்கப்சர் கிடைக்கும் சார்.” கிடைத்தது. பழைய சரக்கு. இழுத்தால் வந்தது, அமுக்கினால் போனது, நடுவில் கொஞ்சம் எண்ணெய் சித்தப்பாவின் வேட்டிக்கு வந்தது.

கடைசியில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்க முடிவானது. அதற்கும் அளவெடுக்க வேண்டும். முழுக்க நீட்டினால் எவ்வளவு, முழுக்க அமுங்கினால் எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கினால், ஷாக்கப்சரே முட்டுக்கட்டையாகிவிடும். சித்தப்பா தேர்ந்தெடுத்தது விறைப்பை மாற்றிக்கொள்ளும் வகை. அடியில் ஒரு திருகு. ஃபேன் ரெகுலேட்டர் போலத் திருப்பிக்கொள்ளலாம்.

“ஸ்போர்ட்ஸ் கார் டா இது” என்று நான்கையும் கடைசி வரை முறுக்கச் சொன்னார். மறுநாளே சித்தியோடு ஈ.சி.ஆர். பயணம். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்தது வண்டி. காலாப்பட்டில் இறங்கிய சித்தி, “நீங்க ஸ்போர்ட்ஸ் ஆடிட்டு வாங்க, நான் பஸ்ஸில போறேன்” என்று சொல்லிவிட்டுப் போயே விட்டார்.

இப்போது வண்டி பூப்போல என்று சொல்ல மாட்டேன். ஆனால் சித்தி மறுபடி ஏறுகிறார். “புது ஷாக்கப்சர்னா அப்படித்தான். ஓட ஓட செட் ஆயிடும்னு சொன்னேன்ல?” என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பினால் இளகும் என்று சித்தி மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை.