பணம் வந்த பிறகும் 41 நாள்

2019 பிப்ரவரி 18, திங்கட்கிழமை. எங்கள் சிறப்புப் பள்ளியின் வங்கிக் கணக்கில் மானியம் வரவாகிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான்கு மாதமாக ஊதியம் பாதிதான் கொடுத்திருந்தோம். அந்தப் பாதியும் செயலாளர் டீச்சர் தன் பென்ஷன் பணத்தில் கைமாற்றாகப் போட்டது. நான் செய்தியைச் சத்தமாகப் படித்ததும் ஆயாம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து, "அப்போ நாளைக்குப் போட்ருவீங்களா தம்பி?" என்று கேட்டார். "இந்த வாரத்துக்குள்ள வந்துரும்க்கா" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன். அவர் கணக்கில் பணம் ஏறியது மார்ச் 30 அன்று. இரண்டு தேதியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் 41 நாள்.

அந்த 41 நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, முக்கியமாக புதிதாக அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு, இது பயன்படும்.

நாங்கள் ஒரு தென்மாவட்டச் சிற்றூரில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி நடத்துகிறோம். 38 பிள்ளைகள், ஏழு பணியாளர்கள். செலவின் பெரும்பகுதி மத்திய அரசுத் திட்டம் ஒன்றின் மானியத்தில் நடக்கிறது. அந்தப் பணத்தை வங்கிக்குப் போய் காசோலை எழுதி எடுக்க முடியாது. பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகத்தான் செலவு செய்ய வேண்டும். பொது நிதி மேலாண்மை அமைப்பு என்பது அதன் தமிழ்ப் பெயர். 2009இல் மத்தியத் திட்டங்களுக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்கத் தொடங்கியது, பிறகு அரசு தரும் பணம் கடைசி ஆள் வரை எங்கே போகிறது என்று பார்க்கும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மானியப் பணம் வேறு வழியில் கரைந்துபோன கதைகளை இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

அதில் எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு மூன்று பேர் தேவை. முதலாவது, நிறுவனத்தின் நிர்வாகி. மற்ற இருவருக்கும் பயனர் பெயர் உருவாக்கித் தருவது அவர்தான். இரண்டாவது, விவரங்களை உள்ளிடுகிற டேட்டா ஆபரேட்டர். மூன்றாவது, அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிற டேட்டா அப்ரூவர். பேச்சில் மேக்கர், செக்கர் என்போம். மேக்கரே செக்கராக இருக்க முடியாது. நான் மேக்கர். செயலாளர் டீச்சர் செக்கர். நிர்வாகி யார்? எனக்கு முன் கணக்குப் பார்த்த அண்ணன்.

முதல் ஒன்பது நாள் அங்கேதான் போனது. அவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகியிருந்தது. நிறுவனத்தைப் பதிவு செய்தபோது தன் சொந்த கைபேசி எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அப்போது பள்ளிக்கென்று ஒரு எண்ணே கிடையாது. ஆனால் கடவுச்சொல்லை மாற்றப் போனால் ஓ.டி.பி. அவருடைய போனுக்குப் போகிறது. அவரோ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார், உள்ளே போன் அனுமதி இல்லை. அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை கிடைக்கும்போது இங்கே மின்சாரம் இல்லை. மின்சாரம் இருக்கும்போது அவர் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தபடி எண் எண்ணாகப் படித்துச் சொல்ல, நான் உள்ளே போனேன். பழைய மின்னஞ்சலை மாற்ற இன்னும் இரண்டு நாள். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்புறம் பணம் பெறுவோர் விவரம். ஊதியம் வாங்குகிற ஒவ்வொருவரையும் முதலில் உள்ளே பதிய வேண்டும், அவர்கள் வங்கிக் கணக்கை வங்கி சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேர் இரண்டு நாளில் தேறினார்கள். ஆயாம்மாவும் ஓட்டுநரும் நிராகரிக்கப்பட்டார்கள். காரணம், பெயர் பொருந்தவில்லை. நமக்கெல்லாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து முன்னால் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கிறது. இன்னொரு அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து. மூன்றும் ஒரே பெண்மணிதான். வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி உட்படப் பார்த்துப் பதிந்த பிறகுதான் ஓட்டுநருக்கு ஒப்புதல் வந்தது. ஆயாம்மா கணக்கு நெடுநாள் பயன்படுத்தாததால் செயலிழந்திருந்தது. அவரை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடவைத்துச் சரிசெய்தேன். அன்று மார்ச் 8. வங்கியில் காத்திருந்தபோது, "என்னாலதான் எல்லாருக்கும் நிக்குதா?" என்று கேட்டார். இல்லைக்கா என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் நம்பவில்லை.

ஏழு பேருக்கும் செலவுப் பதிவு போட்டு டீச்சருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. காரணம் எழுதுகிற இடம் காலி. எனக்குக் கோபம் வந்தது. டீச்சருக்கு 71 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கணினியைப் பள்ளிக்காகவே 65 வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவர். நேரில் போய், "டீச்சர், உங்க பாஸ்வேர்ட எங்கிட்ட குடுத்துருங்க, ரெண்டையும் நானே முடிச்சிர்றேன், வேலை சீக்கிரம் ஆகும்" என்று கேட்டேன். பல நிறுவனங்களில் அப்படித்தான் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் பார்க்காம என் பேர்ல ஒரு ரூபா போகக் கூடாது தம்பி. பிசியோதெரபிஸ்டுக்கு டிசம்பர் மாசம் ரெண்டு தடவை போட்டிருக்கே, பாரு" என்றார்.

பார்த்தேன். போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற விதியைப் பற்றி நான் குறை பேசுவதில்லை. அந்தப் பிழை அப்படியே போயிருந்தால், கூடுதல் பணத்தைத் திரும்ப வாங்கி, கணக்கில் ஏற்றி, தணிக்கையாளருக்கு விளக்கம் எழுதி முடிக்க அடுத்த ஆண்டு ஆகியிருக்கும். என் வருத்தம் வேறு. டீச்சர் என்ன பார்த்தார் என்பது என் திரையில் இல்லை. நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது அவர் திரையில் இல்லை. வங்கி ஊழியர் திரையில் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மாவட்டத்தில் ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு, தான் பரிந்துரைத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பது நாங்கள் போன் பண்ணிச் சொன்னால்தான் தெரியும். எல்லோருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. அந்தப் பணத்துக்காகவே காத்திருக்கிற ஆயாம்மாவுக்கோ ஜன்னலே கிடையாது. உள்ளிடுபவர், சரிபார்ப்பவர், நிர்வாகி என்று பிரித்து யோசித்தவர்கள், பெறுபவர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் 'உன் பணம் இன்றைக்கு யார் மேசையில் இருக்கிறது' என்று ஒரு வரி காட்டலாமே என்று யோசித்திருக்கலாம். எதையும் மாற்றும் உரிமை வேண்டாம், பார்க்கிற உரிமை போதும்.

மார்ச் 12 அன்று பணம் வழங்கும் ஆணையை அச்செடுத்தேன். பிரிண்ட் பேமென்ட் அட்வைஸ், சுருக்கமாக பி.பி.ஏ. என்போம். கையெழுத்திடும் அதிகாரம் உள்ள இருவர் அதில் மையால் கையெழுத்திட்டு, அந்தத் தாளை வங்கியில் கொடுக்க வேண்டும். எங்களில் ஒருவர் டீச்சர், இன்னொருவர் பொருளாளர். அவர் முந்தின நாள்தான் குடும்பத்தோடு காசிக்கு ரயிலேறியிருந்தார். ஆணைக்கு ஆயுள் பத்து நாள். அவர் 23ஆம் தேதி திரும்பினார். 22ஆம் தேதியே அது காலாவதியாகிவிட்டது. ரத்து செய்து, மறுபடி உருவாக்கி, மறுபடி டீச்சர் ஒப்புதல், மறுபடி அச்சு. 25ஆம் தேதி திங்கட்கிழமை காலை வங்கி திறக்கும்போது வாசலில் நின்றேன். இதைப் பார்க்கிறவர் விடுப்பில் இருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். அவருக்குப் பதிலாக யாருக்கும் அந்தத் திரைக்குள் நுழையும் உரிமை இல்லையாம். அங்கேயும் ஒரு மேக்கர், ஒரு செக்கர் இருக்கத்தானே செய்வார்கள். மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் செலவழியாத தொகை என்று காட்டி, அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அந்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வந்தார், செய்து கொடுத்தார். 30ஆம் தேதி சனிக்கிழமை மதியம் ஒவ்வொரு போனாக ஒலித்தது.

பணம் போனால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மானியம் வாங்கும் முன்பே நிர்வாகக் குழு உறுப்பினர்கள் இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். நிபந்தனையை மீறினால் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்று, ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் பொருளாளர் அரிசிக் கடை வைத்திருப்பவர். "வீட்டை எழுதிக் குடுக்கிற மாதிரியா?" என்று கையெழுத்திடும்போது கேட்டார். அவருக்குப் பத்திரம் முழுவதையும் தமிழில் வாசித்துச் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது. செய்ய வேண்டிய வேலை அது. கையெழுத்துப் போடுகிற பெரும்பாலானோர் எதில் போடுகிறோம் என்று தெரியாமலேதான் போடுகிறார்கள். ஒருவேளை பிரச்சினை வந்தால் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

அந்தப் பத்திரத்துக்குக் கணக்குச் சொல்வது பயன்பாட்டுச் சான்றிதழ். எங்கள் பேச்சில் யூ.சி. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் தர வேண்டும். நடைமுறையில் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள முடியாது, அது போகாமல் அடுத்த மானியம் நகராது. அந்த ஆண்டு பட்டயக் கணக்காளர் தரும் எல்லாச் சான்றிதழ்களிலும் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாள எண் பிப்ரவரி 1 முதல் கட்டாயமாகியிருந்தது. எங்கள் ஆடிட்டருக்கும் அது புதுசு. அதனால் ஒரு வாரம்.

அதைவிட என்னை அலைக்கழித்தது வட்டி. மானியம் சேமிப்புக் கணக்கில் கிடந்த நாட்களுக்கு வங்கி போடுகிற வட்டி நமக்குச் சொந்தமில்லை. அது மத்திய அரசின் கஜானாவான இந்திய ஒருங்கிணைந்த நிதியத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டலாம். எங்களுக்கு வந்த வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம். கட்டும்போது அமைச்சகம், எதற்கான தொகை, எந்தச் சம்பளக் கணக்கு அலுவலகம், எந்தப் பணம் வழங்கும் அலுவலர் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர்கள். தவறான இடத்துக்குப் போய்விட்டால் மீட்பது பெரும்பாடு. ஊகித்து அழுத்தாமல், மானியத்தை ஒதுக்கி அரசு அனுப்பிய அனுமதி ஆணையை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கீழே நகல் அனுப்பப்படுவோர் பட்டியலில் அந்த அலுவலகங்களின் பெயர் இருந்தது. அனுமதி ஆணையில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கடைசிப் பக்கத்தில்தான் பாதி விடை இருக்கிறது.

இப்போது சில பழக்கங்கள் வந்துவிட்டன. பள்ளி பெயரில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். அந்த போன் பள்ளியை விட்டு வெளியே போகாது. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரமே வங்கிப் புத்தகத்தை வாங்கிப் பெயரை அப்படியே பதிந்து ஒப்புதல் வாங்கிவிடுகிறேன். பணம் வரும்வரை காத்திருப்பதில்லை. மூன்றாவதாக ஒருவருக்கும் கையெழுத்து அதிகாரம் கொடுத்துக் குழுத் தீர்மானம் போட்டோம், யாராவது இருவர் போட்டால் போதும். டீச்சர் எதையாவது திருப்பினால் காரணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார், அவருடைய அழகான கரும்பலகைக் கையெழுத்தில்.

இன்னொன்று செய்தேன். பெறுபவருக்கு ஜன்னல் இல்லையே என்று சொன்னேனே, அதற்காக அடுப்படிக்குப் போகிற வழியில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நான், டீச்சர், பொருளாளர், வங்கி என்று நான்கு கட்டம். பணம் யாரிடம் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் தேதி எழுதுவேன். என் கட்டத்தில் தேதி பழசானாலும் அழிக்க மாட்டேன். நேற்று வங்கிக் கட்டத்தில் மூன்றாம் நாள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆயாம்மா வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் பேங்க்லதான் இருக்கா தம்பி? சரி, நாளைக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.