ஆர்.வி.யில் ஹாலோவீன்: தேதியில் தொடங்கி பூசணி வரை

குழந்தைகளோடு ஆர்.வி.யில் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வீட்டு வண்டி) அமெரிக்காவைச் சுற்றும்போது, குழந்தைகள் வேடமிட்டு வாசல் வாசலாக மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் வந்தால், அக்டோபர் 31 என்ற தேதியை முதலில் மறந்துவிடுங்கள். ஜெல்லிஸ்டோன், கே.ஓ.ஏ. மாதிரியான தனியார் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் அக்டோபர் வார இறுதிகள்தான் ஹாலோவீன். சில இடங்களில் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். வடக்கு மாநிலங்களில் இதற்குக் காரணம் குளிர். இரவில் தண்ணீர்க் குழாய் உறையும் காலம் நெருங்குவதால் மாதம் முடியும் முன்பே மூடிவிடும் முகாம்கள் உண்டு. வாரநாளில் வரும் 31ஆம் தேதி மாலையில் வேடமும் வாளியுமாக இறங்கினால், பாதி சைட் (வண்டி நிறுத்தும் இடம்) காலியாகக் கிடக்கும்.

இந்த வார இறுதிகளுக்கு இரண்டு அல்லது மூன்று இரவு கட்டாயம் என்பார்கள்; இடமும் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். மிட்டாய் ஊர்வலம் எத்தனை மணிக்கு? போன வருடம் தோராயமாக எத்தனை குழந்தைகள் வந்தார்கள்? அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால், உங்கள் வண்டிக்கு வரும் குழந்தைகளுக்காக வாங்க வேண்டிய மிட்டாய்க் கணக்கு கிடைக்கும். 150 குழந்தைகள் என்றால் 300 துண்டு. முகாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், விலையும் அதிகம், அன்று மாலை இருக்கவும் இருக்காது.

ஸ்டேட் பார்க்கிலோ காட்டு முகாமிலோ தங்கினால் மிட்டாய்க்குப் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் தேதி வில்லங்கம் உண்டு. ஒஹையோவில் கொலம்பஸ் சுற்றுவட்டார ஊர்களில் 'பெக்கர்ஸ் நைட்' என்று மிட்டாய்ச் சுற்றுக்கு ஒரு மாலையை அறிவிப்பார்கள். அது எல்லா ஊரிலும், எல்லா வருடமும் 31 ஆக இருக்காது. நாளும் நேரமும் அந்தந்த ஊரின் இணையதளத்தில் இருக்கும். முப்பதடி வண்டியைக் குடியிருப்புத் தெருவுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இருட்டில் குழந்தைகள் குறுக்கே ஓடும் ஒரே இரவு அது. மாசசூசெட்ஸில் 1692 சூனிய வழக்குகளால் பேர்பெற்ற சேலத்துக்குப் போக ஆசைப்பட்டால், வண்டியை வேறெங்காவது நிறுத்திவிட்டு பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போங்கள், அரை மணி நேரம்தான். அக்டோபரில் அந்தக் குறுகிய தெருக்களில் காருக்கே இடம் கிடைக்காது.

அலங்காரத்தில் வீட்டுப் பழக்கம் உதவாது. வண்டியின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியம்; காந்தம் ஒட்டாது. டக்ட் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பக்கவாட்டு ஸ்டிக்கரும் சேர்ந்து வரும். நீல நிறப் பெயிண்டர் டேப்போ, வழவழப்பான பரப்பில் உறிஞ்சிக் கொக்கியோ போதும். ஃபர்னஸின் (வண்டிக்குள் சூடேற்றும் அடுப்பு) புகைப்போக்கி பக்கவாட்டில்தான் இருக்கிறது, சூடாகக் கொதிக்கும். அதற்குப் பக்கத்திலும் ஃபிரிட்ஜ் காற்றுத்துளையின் மீதும் எதையும் தொங்கவிடாதீர்கள். கடையில் விற்கும் பஞ்சுச் சிலந்திவலையை வண்டிமேல் போடவே வேண்டாம் என்பது என் கட்சி. இழைகள் ஸ்லைட்-அவுட்டின் (வெளியே நீட்டிக்கொள்ளும் அறைப் பகுதி) ரப்பர் சீலில் சிக்கினால் அடுத்த மழையில் ஒழுகும்.

ஹூக்கப் (மின்சார, தண்ணீர் இணைப்பு) இல்லாத சைட்டில் பாட்டரிக் கணக்கு முக்கியம். 100 ஆம்ப்-அவர் ஈய-அமில பாட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். 100 எல்.இ.டி. சரம் சுமார் 5 வாட்; ஆறு மணி நேரம் எரிந்தாலும் 3 ஆம்ப்-அவர் தாண்டாது. பழைய குட்டி பல்பு சரம் என்றால் 40 வாட். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் அதே ஆறு மணி நேரத்துக்கு 22 ஆம்ப்-அவர் போய்விடும். பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு ஃபர்னஸ் விசிறி ஓடாமல் எல்லோரும் நடுங்க வேண்டியதுதான். காற்றடைத்த பேய்ப் பொம்மை மோட்டார் நிற்காமல் ஓடினால்தான் நிமிர்ந்து நிற்கும். அதற்கு மின்சார சைட் வேண்டும்.

உலர்பனியில் (டிரை ஐஸ்) புகை கிளப்பும் வேலையை வண்டிக்குள் செய்யவே கூடாது. ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவாக மாறும். இருபத்தைந்தடி டிரெய்லரின் உள்ளளவு சுமார் 30 கன மீட்டர். ஜன்னல் சாத்தியிருக்க, இரண்டு கிலோ கரைந்தாலே காற்றில் 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும்: தலைவலி, மூச்சிரைப்பு. வண்டியிலுள்ள அலாரம் கார்பன் மோனாக்சைடுக்கானது, இதைக் கண்டுகொள்ளாது. வெளியே மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை கை படாமல். தலைமுடிக்கு வண்ண ஸ்பிரே அடிப்பதையும் வெளியிலேயே முடியுங்கள். தரையோரம் இருக்கும் காஸ் அலாரம் அந்த ஸ்பிரேயை புரொப்பேன் கசிவு என்று நினைத்துக் கத்தும்.

முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் ஹாலோவீன் பூசணியைக் குடையாமல்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். சிங்க்குக்குள்ளோ ஷவர் தரையிலோ துண்டு சுற்றி வைத்தால் உருளாது. குடைந்த பூசணி குளிர்ந்த இடத்தில் நான்கைந்து நாள் தாங்கும்; ஃபுளோரிடா வெயிலில் இரண்டாம் நாளே பூசணம். குடைந்தெடுத்த நாரையும் விதையையும் சிங்க்கில் கழுவிவிட்டால் கிரே டேங்க் (சிங்க், ஷவர் கழிவுநீர்த் தொட்டி) அடைத்துக்கொள்ளும். நேராகக் குப்பைப் பைக்குப் போகட்டும். விதையை வறுக்க ஆர்.வி. ஓவனை நம்ப வேண்டாம், அடியிலிருந்து நெருப்பு வருவதால் கீழே கருகி மேலே பச்சையாக இருக்கும். வாணலியில் சிறுதீயில் கிளறுங்கள். குடையவே அலுப்பாக இருந்தால் நம்மூர் திருஷ்டிப் பூசணி போல முகம் வரைந்துவிடலாம். வாரக்கணக்கில் கெடாது, உள்ளே மெழுகுவர்த்தியும் கேட்காது.

ஆர்.வி.க்களின் கதவு வலப்பக்கம். மின்கம்பியும் கழிவுக் குழாயும் பெரும்பாலும் இடப்பக்கம். இரண்டு வண்டிக்கு நடுவே குறுக்குவழியில் ஓடும் குழந்தை இடறுவது பக்கத்து வண்டியின் கழிவுக் குழாயில்தான். சாலை வழியாகவே வரச் சொல்லுங்கள். வேடத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே ஸ்வெட்டர் போடலாம். நீள அங்கிகளைக் கணுக்காலுக்கு மேல் மடித்துத் தையுங்கள், மடக்குப் படியில் சிக்காது. முகமூடியைவிட முகச்சாயம் பார்வைக்கு நல்லது; ஆனால் வண்டியின் வெந்நீர் ஹீட்டர் பெரும்பாலும் 6 காலன்தான், ஈரத் துடைப்பானால் பாதியை எடுத்துவிட்டுக் குளிக்க அனுப்புங்கள்.

நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி ஏதாவது சைட்டில் இருந்தால், அங்கே ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஸ்டிக்கர், பென்சில் போன்றவை கிடைக்கும் என்று அர்த்தம். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது.

தீபாவளியும் இதே வாரங்களில் வரும். 2024இல் இரண்டும் ஒரே நாள். கம்பி மத்தாப்பை மட்டும் பெட்டியிலேயே வைத்திருங்கள். தேசியப் பூங்காக்களில் வாணவேடிக்கைக்குத் தடை, முகாம்கள் பலவும் மத்தாப்பைக்கூட அனுமதிப்பதில்லை.

கரடி நடமாடும் பகுதி என்றால் பூசணியும் மிட்டாய் வாளியும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. மறுநாள் கிளம்பும்போது பூசணியைக் காட்டோரம் வீசாமல் முகாமின் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அவ்னிங்கை (வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை) சுருட்டும் முன் அதன் முழு நீளத்தையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். உள்ளே சுருண்டுபோகும் ஒரு பிளாஸ்டிக் சிலந்தி போதும் துணியைக் கிழிக்க.