பச்சை வட்டங்களுக்குக் கீழே: ஒரு நடவு வரைபடத்தைச் சரிபார்த்த அனுபவம்

எங்கள் குடியிருப்பை ஒட்டிய நிலத்தில் புதிய வீட்டுத் திட்டம் ஒன்று வரவிருந்தது. அதன் மர, செடி நடவு வரைபடத்தைப் படித்துக் கருத்து எழுதும் பொறுப்பைக் குடியிருப்போர் குழு என்னிடமும் தோட்டக்கலை படித்த ஒரு நண்பரிடமும் ஒப்படைத்தது. நடவு வரைபடத்தைக் கட்டட வரைபடத்தின் அலங்காரம் போலப் பலர் புரட்டிவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரை இடித்துக் கட்டலாம். இருபது ஆண்டு வளர்ந்த மரம் தவறான இடத்தில் நின்றால் வெட்டுவதைத் தவிர பெரும்பாலும் வழி இருக்காது.

முதலில் மரப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். மொத்தம் 120 மரங்கள். புங்கம், சரக்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி, இடையிடையே வேம்பு, மகிழம், நீர்மருது என்று பார்வைக்குப் பல வகையாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் தாவரக் குடும்பத்தை எழுதியதும் நிலைமை விளங்கியது. முதல் நான்கும் அவரைக் குடும்பம். அவை மட்டுமே 84. அதில் புங்கம் மட்டும் 40. ஒரு நகரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) 20 சதவீதத்தையும், ஒரே குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று 1990-இல் அமெரிக்க மர ஆய்வாளர் பிராங்க் சான்டமோர் ஒரு வரம்பு சொன்னார். சிறிய திட்டத்துக்கு அதை அப்படியே பொருத்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரே குடும்பம் 70 சதவீதம் என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். உறவு மரங்களே மிகுந்திருந்தால் ஒரு நோயோ பூச்சியோ அத்தனையையும் அழித்துவிடலாம். அமெரிக்கத் தெருக்களில் வரிசையாக நின்ற எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்தது. பல ஊர்களில் அவற்றுக்குப் பதிலாக ஆஷ் மரங்களை நட்டார்கள். 2002-இல் அங்கே கண்டறியப்பட்ட ஒரு துளைப்பான் வண்டு அந்த ஆஷ் மரங்களையும் கோடிக்கணக்கில் சாகடித்தது. இதையெல்லாம் கருத்துரையில் விளக்கமாகவே எழுதினோம்.

அடுத்து நாங்கள் கேட்டு வாங்கியவை குடிநீர், கழிவுநீர், மின்கேபிள், தெருவிளக்கு வரைபடங்கள். நடவு வரைபடம் ஒருவர் வரைந்தது, குழாய் வரைபடம் வேறொருவர் வரைந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததாகத் தெரியவில்லை. அளவுகோலைச் சமப்படுத்தி ஒன்றின்மேல் ஒன்றை வைத்தபோது, கிழக்குச் சாலையின் மரங்கள் வரிசையாகக் கழிவுநீர்க் குழாயின் மேலேயே நின்றன. சாலை முனையில் ஒரு தூங்குமூஞ்சியும் ஒரு விளக்குக் கம்பமும் ஒரே புள்ளியில் இருந்தன. அந்த மரத்தின் குடை விரியும்போது வெளிச்சம் முழுவதும் இலைகளுக்குள் அடைபடும். பிறகு கிளைகளை ஆண்டுதோறும் மொட்டையடிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டது மண்தான். வண்டி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் 1.2 மீட்டர் நீள அகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட குழி காட்டியிருந்தார்கள். சுற்றிலும் கான்கிரீட். கணக்குப் போட்டால் 1.44 கன மீட்டர் மண். பெரிதாக வளரும் மரத்துக்கு 28 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,000 கன அடி வேண்டும் என்பது நகர மர வளர்ப்பில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. வரைபடத்திலோ மரத்தின் குடை 8 மீட்டர் பச்சை வட்டமாக விரிந்திருந்தது. அந்தக் குழி அந்த வட்டத்தை ஒருநாளும் வளர்த்துத் தராது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் பக்கவாட்டில்தான் பரவும். ஆழமாகத் தோண்டுவதால் மட்டும் பயனில்லை. தனிக் குழிகளை இணைத்து ஒரே நீண்ட மண்பாத்தியாக்கலாம், அல்லது தளக் கற்களுக்கு அடியில் கருங்கல் ஜல்லியும் மண்ணும் கலந்த கலவையை நிரப்பலாம் என்று இரண்டு மாற்றுகளைச் சொன்னோம். பின்னது கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான முறை. ஜல்லி பாரத்தைத் தாங்கும், இடைவெளியில் வேர் ஓடும். கட்டட வேலையில் கனரக வாகனங்கள் ஏறி இறுகிய மண்ணை நடவுக்கு முன் ஆழமாகக் கிளறி, சிமெண்ட் கழிவுகளை அகற்ற வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கக் கேட்டோம்.

புதர்ச்செடிகளில் சொல்ல வேண்டியவை குறைவு. சாலை வளைவில் ஆளுயரம் வளரும் செடிகள் ஓட்டுநரின் பார்வையை மறைத்தன. முழங்கால் உயரச் செடிகளாக மாற்றச் சொன்னோம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அரளி இருந்தது. இலை, பூ, தண்டு அத்தனையும் நஞ்சு. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று நண்பர் கண்டிப்பாக எழுதினார்.

நிலத்தின் நடுவே ஏற்கெனவே நிற்கும் ஆலமரத்தைக் காப்பதாக வரைபடத்தில் ஒரு வரி இருந்தது. எப்படி என்பதுதான் இல்லை. 2012-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தர நிர்ணயமான பி.எஸ். 5837-இன்படி, ஒற்றைத் தண்டு மரமானால் 1.5 மீட்டர் உயரத்தில் அடிமர விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டத்தைத் தொடாமல் விட வேண்டும். இங்கே விட்டம் 90 சென்டிமீட்டர்; ஆரம் 10.8 மீட்டர். திட்டமிட்ட கழிவுநீர்த் தொட்டி அதற்குள் வந்தது. இயந்திரங்கள் வரும் முன்பே வேலி போட வேண்டும், வேலிக்குள் மணலோ செங்கல்லோ குவிக்கக்கூடாது என்று எழுதினோம்.

நடும் முறைக் குறிப்பில் தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், மண்ணை மூடப் பரப்பும் மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது, முட்டுக்கொம்பை ஓராண்டில் எடுத்துவிட வேண்டும் என்று சேர்த்தோம். இவற்றை வடிவமைப்பாளர் மறுக்கவில்லை.

திருத்திய வரைபடம் வந்தபோது தொட்டி இடம் மாறியிருந்தது. புங்கம் பன்னிரண்டாகக் குறைந்து பூவரசும் இலுப்பையும் புன்னையும் வந்திருந்தன. குழிகள் பாத்தியாகியிருந்தன. பராமரிப்புக் காலம் மட்டும் ஆறு மாதம் என்றே நின்றது. பட்டுப்போகும் கன்றுகளை மாற்றி நடுவதையும் சேர்த்து, இரண்டு கோடைகளுக்காவது தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யார் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதற்குப் பதில் வரும்வரை எங்கள் ஒப்புதலைத் தரவில்லை.