பார்த்துக்கொள்பவருக்கு உடம்பு முடியவில்லை என்றால்?

தங்கள் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை ஒரு குழுவாகச் சேர்ப்பது என் வேலை. இதைச் சொன்னாலே, "ஓ, பயிற்சி கொடுப்பீங்களா?" என்பார்கள். பயிற்சியும் உண்டுதான். ஆனால் பயிற்சியை மட்டும் நம்பி ஆரம்பித்த குழு நிலைத்து நான் பார்த்ததில்லை. முதல் கூட்டத்துக்கு வருவார்கள், சான்றிதழ் வாங்குவார்கள், அப்புறம் போனை எடுக்கமாட்டார்கள். அவர்களைத் திரும்ப வரவைக்கும் கேள்வி வேறு. எனக்கு உடம்பு முடியாமல் போனால் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

அலுவலகத்தில் ஒருவர் லீவு போட்டால் அவருடைய கோப்பு மேஜையில் காத்திருக்கும். இங்கே வேலையே காலையில் பையோடு வாசலில் வந்து நிற்கிறது. பின்னால் வேலைக்கு நேரமாகிவிட்ட தாய். இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒருவர் வீட்டுக்குப் பகலில் போயிருந்தபோது இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று, பாயில் பொம்மைக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேர். அவருக்கோ தொண்டை கட்டியிருந்தது. இடுப்புக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "ரெண்டே நிமிஷம் அக்கா, இன்னிக்காவது கதவைச் சாத்திட்டுப் போயிட்டு வரேன்" என்று குளியலறைக்கு ஓடினார். தனியாளாகக் குழந்தை பார்ப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

சட்டத்திலும் இவர்களுக்கு இடம் தெளிவாக இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை (1996) வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கானது. ஆனால் ஒரு முதலாளி சொல்லும் வேலையைச் செய்பவர்களைத்தான் அது பேசுகிறது. 189ஆவது (2011) வீட்டுப் பணியாளர்களுக்கானது. அதற்கும் ஒரு வேலை கொடுப்பவர் வேண்டும். சொந்த வீட்டில், சொந்தப் பொறுப்பில் நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பவர் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க மேலே யாரும் இல்லை. ஆகவே பக்கத்துத் தெருவில் இதே வேலை செய்பவர்தான் மிச்சம்.

அந்தப் பக்கத்துத் தெரு ஆளைத்தான் நம்பமாட்டார்கள். கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் இது: ஒருநாள் அவளிடம் விட்டால் பிள்ளை அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடும், பெற்றோரும் அப்படியே மாறிவிடுவார்கள். குழந்தை வளர்ப்புப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் இந்தப் பயம் போகாது. அதை மேஜை மேல் வைத்துப் பேச வேண்டும். மாற்றாகப் பார்த்த குழந்தையைக் குறிப்பிட்ட காலத்துக்கு யாரும் தங்களிடம் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், என் அனுபவத்தில், குழு குழுவாகிறது.

மாற்று ஏற்பாட்டிலும் சிக்கல் உண்டு. ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம் என்பதற்கு விதி வரம்பு இருக்கும் இடங்களில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மொத்தமாக இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. இரண்டு மூன்று பேர் பிரித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாற்றுப் பணியாளர் அந்த வீட்டுக்கே வர வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். குழந்தைக்கு இடமாவது மாறாமல் இருக்கும். ஆனால் வருகிறவர் முகம் அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை புதுமுகத்தைப் பார்த்து நாள் முழுக்க அழுதால், சாயங்காலம் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் யாருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே பிள்ளைகளோடு சேர்ந்து சந்திக்கிறோம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள்: எது ஒத்துக்கொள்ளாது, தூங்க எந்தத் துணி வேண்டும், அழைத்துப்போக யாருக்கு அனுமதி, அவசரத்துக்கு எந்த எண். பெற்றோர் சம்மதம் அதே தாளின் கீழே.

நான் எதிர்பார்க்காத பலன் பெற்றோரிடம் பேசும் விஷயத்தில் கிடைத்தது. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆன பிறகுதான் பிள்ளையை அனுப்ப வேண்டும். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகு. இதைத் தனியாளாகச் சொன்னால், "அந்தக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்களே" என்பார்கள். அந்தக்காவும் அதையே சொல்கிறார் என்றானதும் பேரம் நின்றது. தாமதமாக வந்து அழைத்துப்போவதற்கான கட்டணமும் அப்படித்தான் வழிக்கு வந்தது.

தகவல் பரிமாற்றம் வாட்ஸ்அப்பில், அதுவும் குரல் பதிவாக. கை சும்மா இருந்தால்தானே தட்டச்சு செய்ய! பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில் குசுகுசுவென்று ஐந்தாறு பதிவுகள் வந்து விழும். ஒருநாள் ஒருவர், பொம்மையின் பேட்டரி மூடி கழன்று கிடந்ததாகச் சொன்னார். பொத்தான் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று பதில் போட்டேன். அன்று சாயங்காலமே அநேகமாக எல்லாரும் பொம்மைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். என் பயிற்சி வகுப்பு எதற்கும் இத்தனை வேகம் இருந்ததில்லை.

பணம் பற்றிய தகராறு மட்டும் ஓய்ந்தபாடில்லை. மாற்றாகப் பார்த்த நாளின் கூலி பார்த்தவருக்கே என்று முடிவானது. உடம்பு முடியாதவருக்கு அன்றைய வருமானம் போகிறதே என்று ஒரு தரப்பு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது; சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மாதம் கொஞ்சம் பொதுவில் போட்டு வைக்கலாம் என்றால், லீவே எடுக்காதவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இன்னொன்று, ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை. தூக்கமும் பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி என்பதால் மாற்றாக ஏற்க யாரும் முன்வருவதில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, அடிக்கடி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பழகிக்கொள்கிறார்கள். அது ஓடுமா என்று அடுத்த காய்ச்சல் சீசனில் தெரியும்.