கிரீம் இல்லாத அல்ஃபிரெடோ

மறுபடியும் அல்ஃபிரெடோ பாஸ்தா. இந்த முறை டின் கிரீம் பக்கமே போகவில்லை. ரோமில் பிறந்த இந்தச் சாப்பாட்டில் ஆதியில் கிரீமே கிடையாது. வெண்ணெய், பார்மசான் சீஸ், பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் இறங்கிய மாவுச்சத்துதான் நம்ம வடிகஞ்சி மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது.

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் நான் போகும் மளிகைக் கடையில் பார்மசானுக்கு எங்கே போவது? செடார்தான். கொழுப்பு குறைய வெண்ணெய்க்குப் பதில் பால், கொஞ்சம் சோளமாவு, பூண்டு, நுணுக்கிய மிளகு. அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ் போடணும், இல்லாவிட்டால் திரிந்துபோகும். நல்ல வழவழப்பு, வயிறும் கனக்கவில்லை.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான்யா இருக்கு. சம்பால் இருக்கா?" என்றார்.

சம்பால் துவையலுக்குச் சிலி பாடி என்ற குட்டிக் கார மிளகாயும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இடித்தாகிவிட்டது. இத்தாலிக்காரர்கள் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்!