'சார்' ஆன நாள்

"சரிங்க சார்" என்றார் கொத்தனார் அண்ணன். அதுவரை நான் அவருக்குத் தம்பி.

நான் சீரமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய மாளிகையின் விருந்துக்கூடத்தில் சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பியது சரியான முடிவுதான். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். மும்பை மழைக்குச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்துபோயிருந்தது. தாராவியில் தங்கியிருந்த காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார்களை அழைத்து வந்தவனும் நான்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறி, கூடம் முழுக்க ஒரு புளித்த வாசம். கடைசிப் பூச்சை அண்ணன் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி ஆக்கியிருந்தார்.

அதன்மேல் பழைய பூக்கொடி பார்டரைத் திரும்ப வரைய வேண்டும். அது ஆயில் பெயிண்ட். செப்டம்பர் கடைசியில் திறப்பு விழா. ஆகஸ்ட் நடுவில் அண்ணன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்து, "இன்னும் பச்சையாத்தான் இருக்கு தம்பி. பொங்கல் கழியட்டும்" என்றார்.

"ஃபேன் போட்டுக்கலாம்ணே" என்றேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்த 'சார்'.

சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஃபேன் அந்த ஈரத்தைப் பிடுங்கிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல, படித்ததே இதைத்தான். அன்று ராத்திரி சாரத்தில் ஏறி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சுரண்டி, காரத்தன்மை இருந்தால் நிறம் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தேன். ரோஜா நிறம் குப்பென்று ஏறியது. சுண்ணாம்பு இன்னும் முழுசாக இறுகவில்லை, அதன் காரம் அப்படியே இருக்கிறது. காரம் பட்டால் பெயிண்டில் உள்ள எண்ணெய் சோப்பாகிவிடும்.

அறிக்கையில் அதை எழுதவில்லை. மறுநாள் 4 ஃபேன் வந்தது.

கனமான சுண்ணாம்புப் பூச்சு உள்ளே வருஷக்கணக்கில் ரோஜா நிறம் காட்டும், அதைப் பார்த்தால் எந்த வேலையும் முடியாது. இது என் பக்க நியாயம், பொய்யும் இல்லை. தேதியைத் தள்ளச் சொல்லும் இடத்தில் நான் இல்லை என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனால் செப்டம்பர் என்று கமிட்டியிடம் வாக்குக் கொடுத்ததே நான்தான். பைகுலாவில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தைச் சீரமைக்க 5 வருஷம் எடுத்துக்கொண்டு 2008-இல்தான் திறந்தார்கள் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்பவனும் நான்தான்.

அடுத்த மழையில் மேற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி நீளத்துக்குக் கொடி பிசுபிசுத்து உரிந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. உரிந்த இடத்தைத் தோண்டினால், உள்ளே கையகலத்துக்குப் பழைய சிமெண்ட் விட்டுப்போயிருந்தது. அப்படியென்றால் தப்பு அண்ணனின் ஆட்களுடையதா? பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது. போட்டோ எடுத்து வைத்தேன். யாரிடம் காட்டுவதற்கு என்றுதான் தெரியவில்லை.

பொங்கலுக்கு அண்ணன் ஊரிலிருந்து போன் செய்தார். உரிந்தது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

"நல்லாருக்கீங்களா சார்?" என்றார்.